வந்த மருமகள் மேல் பழி

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக மருமகள் வந்த மாதத்தில் தண்ணீர் மோட்டார் நின்று போனாலும் சரி, பால்காரர் இரண்டு நாள் வராவிட்டாலும் சரி, "எல்லாம் அவள் வந்த வேளை" என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மோட்டாருக்கு எட்டு வருஷமாக எண்ணெய் போடவில்லை என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வராது. இந்த நியாயமெல்லாம் மனிதர்களோடு சரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கம்ப்யூட்டருக்கும் உண்டு என்பதைச் சென்ற சித்திரையில் என் தங்கை வீட்டில் கண்ணாரக் கண்டேன்.

தங்கை நங்கநல்லூரில் இருக்கிறாள். வீட்டிலிருந்தபடியே டைப் செய்து கொடுத்து நாலு காசு சம்பாதிக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டுரை என்று வேலைக்குக் குறைவில்லை. எல்லாம் 2012-ல் வாங்கிய ஒரே கம்ப்யூட்டரில். "அவ்வளவு பழசை வைத்துக்கொண்டு மாரடிப்பானேன், புதிது வாங்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் பக்கம் அமைப்பது பேஜ்மேக்கர் என்ற புரோகிராமில். அது 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்று போன சமாசாரம். அவளுடைய பழைய தமிழ் எழுத்துருக்களும், அதைவிடப் பழைய பிரிண்டரும் அந்தப் பெட்டியோடுதான் ஒத்துப் போகின்றன. பெட்டியை மாற்றினால் இருபது வருஷத்துக் கைப்பழக்கத்தையும் மாற்றவேண்டும். இரண்டையும் ஒரே மாதத்தில் மாற்ற அவளுக்குத் தெம்பில்லை, பணமும் இல்லை.

பெட்டி மெதுவாக ஓடுகிறது என்று அம்மா தினமும் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, கல்லூரியில் படிக்கும் அவள் பிள்ளைக்கு ஒரு யோசனை தோன்றியது. ரிச்சி தெருவுக்குப் போய், யாரோ உபயோகித்துக் கழற்றிய பிராஸஸர் ஒன்றை மூவாயிரம் ரூபாய்க்குள் பேரம் பேசி வாங்கி வந்தான். பிராஸஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. பெட்டியில் முதலில் இருந்தது ஐ3-2100. இரண்டு கோர் உள்ளது. இவன் கொண்டுவந்தது ஐ7-2600, நான்கு கோர். இரண்டுமே 2011-ல் வந்தவை. இரண்டும் உட்காரும் குழி ஒன்றே. ஆகவே பையன் செய்த கணக்கில் பிழை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டான். கம்ப்யூட்டர் ஓடியது. ஓடியது என்ன, பறந்தது! ஸ்கான் செய்த படங்கள் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தன. தங்கை எனக்கு டெலிபோன் செய்து பிள்ளையின் பெருமையை அரை மணி நேரம் அளந்தாள்.

மூன்றாம் நாள் மறுபடியும் டெலிபோன் வந்தது. இந்தத் தடவை அழுகை.

"போச்சு அக்கா, எல்லாம் போச்சு! டைப் அடித்துக்கொண்டே இருக்கேன், படக்கென்று அணைந்துவிடுகிறது. ஆறு நாளில் அந்தப் பெண்ணுக்குக் கட்டுரை கொடுத்தாக வேண்டும். இருநூற்றெண்பது பக்கம். அவள் பட்டமே இதில் இருக்கிறது!"

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வாசலில் பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தார். "வாங்க அக்கா. நல்லா ஓடிக்கிட்டிருந்ததைக் கெடுத்து வச்சிருக்கான் உங்க தங்கச்சி பிள்ளை. மூவாயிரம் ரூபாய் காசைக் கொடுத்து வினையை வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார். நல்லது செய்தால் அவர் பிள்ளை. கெட்டுப் போனால் என் தங்கை பிள்ளை! பையன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் டெலிபோனில் கேட்டதற்கு, பெட்டியை வந்து பார்க்காமலே, "போர்டு போயிருக்கும், மொத்தமா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டாராம். நாடி பார்க்காமலே வைத்தியம்.

நான் இன்ஜினீயர் இல்லை. ஆனால் என் வீட்டுக் கம்ப்யூட்டர் பதினைந்து வருஷமாக என் கையில் படாத பாடு பட்டிருக்கிறது. அதில் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தைரியத்தில் முதல் காரியமாகத் தங்கையின் பால் கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னேன்.

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது என்பது குழந்தை அழுகிறது என்பதைப் போல. பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா என்று அழுகிற விதத்தையும் நேரத்தையும் வைத்துத்தானே கண்டுபிடிக்கிறோம்? இதுவும் அப்படித்தான். எத்தனை மணிக்குப் போட்டாய், எத்தனை நிமிஷம் ஓடியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், சட்டென்று இருட்டானதா, நீலத் திரை ஏதாவது வந்ததா, அணைவதற்கு முன்னால் வித்தியாசமாக ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.

தங்கைக்கு முதலில் ஒன்றும் ஞாபகம் இல்லை. பேசப் பேச வந்தது. காலையில் முதல் தடவை போட்டால் இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஓடுகிறது. அணைந்ததும் உடனே போட்டால் ஐந்து நிமிஷம்கூட நிற்பதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் மறுபடியும் இருபது நிமிஷம். நீலத் திரை இல்லை. "அணைவதற்கு முன்னால் எழுத்து மெதுவாக விழுகிறது அக்கா. நான் ஒரு வரி அடித்த பிறகு அது வருகிறது" என்றாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் முழுத் துப்பும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். வைத்தியத்துக்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. வீடு பற்றி எரியும்போது முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவோமா, எங்கிருந்து தீப் பிடித்தது என்று ஆராய்ச்சி செய்வோமா? அந்த இருநூற்றெண்பது பக்கமும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது! எழுதிக்கொண்டிருக்கும்போதே அணையும் கம்ப்யூட்டரில், திறந்திருக்கும் ஃபைல் கெட்டுப் போவது சகஜம். ஆகவே ஒரு பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் பிரதி எடுக்கச் சொன்னேன். பாதியில் அணைந்தது. தங்கை முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

பெட்டி எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் அதற்கென்று ஒரு மர அறை. மூன்று பக்கமும் பலகை, முன்னால் ஒரு கதவு. கதவை மூடித்தான் வைப்பாளாம், தூசி படக்கூடாதே! அது போதாதென்று பெட்டியின் மேல் அவளே குறுக்குத் தையல் போட்டுப் பூ வேலை செய்த உறை ஒன்று, கால் வரைக்கும். மயில், மல்லிகைக் கொடி எல்லாம் இருந்தது. கும்பகோணத்துக் கல்யாணத்துக்குப் போகும் பெண் மாதிரி அலங்காரம் செய்து, சித்திரை வெயிலில் அலமாரிக்குள் அடைத்து வைத்திருக்கிறாள்!

உறையைக் கழற்றி, பெட்டியை வெளியே இழுத்து, பக்கத்துத் தகட்டைத் திறந்து, வீட்டிலிருந்த மேஜை விசிறியை அதன் எதிரில் வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டோம். பத்து நிமிஷம், இருபது, முப்பது, நாற்பது. அணையவில்லை. ஒரு பென் டிரைவுக்கு இரண்டு பென் டிரைவாகப் பிரதி எடுத்து, ஒன்றை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதுவரை தங்கை மூச்சுவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஃபைல்கள் தப்பின என்பது ஒன்று. வியாதியின் பெயரும் தெரிந்துவிட்டது என்பது இன்னொன்று. மேஜை விசிறியை வைத்ததும் அதிக நேரம் ஓடுகிறது என்றால் கோளாறு சூட்டில்தான். காசு செலவில்லாத பரீட்சை இது. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். திறந்த பெட்டிக்குள் குழந்தைகள் கை விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு ஏன் வந்தது? பழைய ஐ3-க்குக் கம்பெனிக்காரர்கள் விதித்த வெப்பக் கணக்கு 65 வாட். புதிய ஐ7-க்கு 95 வாட். முப்பது வாட் பெரிய விஷயமா என்று தோன்றும். பழைய காலத்து நூறு வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டிருக்கிறீர்களா? ஏறக்குறைய அவ்வளவு வெப்பமும் ஒரு தபால் தலையைவிடச் சிறிய சில்லில் பிறக்கிறது. அதை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு போக, பிராஸஸரின் தலைமேல் ஓர் அலுமினியக் கட்டியும் அதன்மேல் ஒரு விசிறியும் உட்கார்ந்திருக்கும். அவை தம் வேலையைச் செய்யாவிட்டால், நூறு டிகிரியை நெருங்கும்போது பிராஸஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தங்கைக்கு எழுத்து தாமதமாக விழுந்ததே, அது இதனால்தான். அப்படியும் சூடு ஏறினால், உயிர் பிழைக்க வேண்டுமே என்று தானாகவே அணைந்துவிடும். அது கெட்டுப்போனதால் அணையவில்லை. கெட்டுப்போகாமல் இருப்பதற்காக அணைந்தது.

சூட்டை அளக்க வெப்பமானி வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரை வரும். பெரும்பாலான போர்டுகளில் பிராஸஸரின் உஷ்ணம் அதிலேயே எழுதியிருக்கும். கோர் டெம்ப், எச்.டபிள்யூ.மானிட்டர் போன்ற இலவச புரோகிராம்களும் இருக்கின்றன. தங்கையின் பெட்டி ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கும்போதே 88 டிகிரி காட்டியது.

இனி கையை வைத்தாக வேண்டும். மின்சார ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பிறகு பெட்டியின் பொத்தானை ஒரு தரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் போகவிட்டு, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேன். நம் உடம்பிலுள்ள நிலை மின்சாரம் சின்னச் சில்லுகளுக்கு ஆகாது. பையனைக் கூப்பிட்டேன்.

"என்ன செய்தாயோ அதை அப்படியே சொல்லு, கண்ணா. நான் திட்டமாட்டேன்."

"விசிறியை வச்சு நாலு காலையும் அழுத்தினேன், பெரியம்மா. அதுக்கப்புறம் அம்புக்குறி போட்டிருந்த பக்கமா நாலையும் திருப்பிப் பூட்டினேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கம்பெனி விசிறியின் நான்கு கால்களிலும் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது பூட்டுகிற திசை அல்ல, திறக்கிற திசை! உலகத்தில் இதில் ஏமாறாதவர்கள் குறைவு. அம்புக்குறிக்கு எதிர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, அதன் பிறகு 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்தவேண்டும். ஒன்றை அழுத்தினால் அடுத்து அதற்கு மூலைவிட்டத்தில் உள்ளதை அழுத்தவேண்டும். பக்கத்திலிருப்பதை அழுத்தினால் எதிர்ப் பக்கம் தூக்கிக்கொள்ளும். பையன் பூட்டியதாக நினைத்துப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டான். இரண்டு நாள் தாக்குப் பிடித்த கால்களில் ஒன்று மூன்றாம் நாள் எழும்பிவிட்டது. மெதுவாக அசைத்துப் பார்த்தேன். பல் விழப்போகிற குழந்தையின் பல் மாதிரி ஆடியது.

கழற்றினால் அடியில் இன்னொரு சமாசாரம். பிராஸஸருக்கும் அலுமினியக் கட்டிக்கும் நடுவே ஒரு பசை தடவுவார்கள். இரண்டும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று நின்றால் சூடு கடக்காது. பசை அந்த இடத்தை நிரப்புகிறது. 2012-ல் தடவிய பசை, மறுநாள் கழுவுகிற தோசை மாவுப் பாத்திரத்தின் விளிம்பு மாதிரி காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. பையன் புதிதாகத் தடவாமல் அதன்மேலேயே மாட்டியிருந்தான். மருந்துக் கடை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்தோம். புதுப் பசை ஓர் உளுத்தம்பருப்பு அளவு, நடுவில் மட்டும். இட்லிப் பொடிக்கு எண்ணெய் ஊற்றுவது போல் தாராளம் காட்டக்கூடாது. அலுமினியக் கட்டியின் இடுக்குகளில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி; அதைப் பெயிண்ட் அடிக்கும் சின்னப் பிரஷ்ஷால் தள்ளினோம். விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு செய்யவேண்டும்.

மாட்டிப் போட்டோம். சும்மா நிற்கும்போது 48 டிகிரி. படங்களையெல்லாம் திறந்து வேலை வாங்கினால் 74. பையன் அன்று இரவு நாலு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் மறுநாள் வீடு திரும்பியிருப்பேன். மறுநாள் பதினோரு மணிக்கு, கட்டுரையின் மூன்றாம் அத்தியாயத்தில், நீலத் திரை வந்தது.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? அந்தப் பிராஸஸரைத் தூக்கி எறி!" என்றார் மாப்பிள்ளை. பையன் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தான், பழையதையே மாட்டிவிடலாம் என்று. அவனை நிறுத்தி மறுபடியும் பால் கணக்கு நோட்டை எடுத்தேன்.

புது மருமகள் வீட்டில் இதுதான் நேர்கிறது. ஒரு பழி தீர்ந்தால், அடுத்த பழியும் அவள் மேல்தான். ஆனால் நோட்டு என்ன சொல்கிறது? நேற்று வரை இருட்டாக அணைந்தது. இன்று நீலத் திரை. நேற்று சூடு; இன்று நீலத் திரை வந்த சமயம் உஷ்ணம் 58 தான். நேற்று இருபது நிமிஷக் கணக்கு இருந்தது. இன்று கணக்கே இல்லை. மத்தியானம் இன்னொரு தடவை வந்தபோது முதல் தடவை எழுதியிருந்த வார்த்தைகள் வேறு, இப்போது எழுதியிருந்தவை வேறு. ஒரே நோயாளிக்கு இரண்டாவது வியாதி!

நீலத் திரையில் அடியில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வரும். அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்தாலும் சரி. படிப்பதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி கிளம்பிவிடுகிறதென்றால், சிஸ்டம் அமைப்பில் 'ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி' என்ற இடத்தில் 'ஆட்டோமேடிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரிலுள்ள குறியை எடுத்துவிட்டால் நின்று காட்டும். 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்றோ 'டபிள்யூ.எச்.இ.ஏ. அன்கரெக்டபிள் எரர்' என்றோ திரும்பத் திரும்ப வந்தால் பிராஸஸர் மேலும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் போர்டின் மேலும் சந்தேகப்பட நியாயம் உண்டு. தங்கைக்கு வந்தவை 'மெமரி மேனேஜ்மென்ட்' ஒரு தடவை, 'பேஜ் ஃபால்ட்' ஒரு தடவை. தடவைக்கு ஒரு பெயராக மாறினால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேம் என்னும் நினைவுப் பட்டைகளைத்தான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு குறிப்பேடு உண்டு. திடீரென்று அணைந்த கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக இருக்கும். 'பவர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் மின்சாரப் பெட்டி போய்விட்டது என்று புதிது வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குறிப்புக்கு அர்த்தம், கம்ப்யூட்டர் முறைப்படி மூடப்படாமல் நின்றுவிட்டது என்பது மட்டுமே. ஏன் நின்றது என்று அது சொல்வதில்லை.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினோம். இராத்திரி முழுவதும் ஓடவேண்டிய பரீட்சை இது. அதற்கு முன்னால், பயாஸ் அமைப்பு எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்தபடியே திருப்பி வைத்தேன். மூளையை மாற்றிய பிறகு அதைச் செய்வது நல்லது. பழைய மூளைக்காக யாராவது எதையாவது மாற்றியிருந்தால் அது புதியதற்குப் பொருந்தாமல் போகலாம். இந்தப் பரீட்சையில் பாஸ் மார்க் என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான்.

விடிகாலை எழுந்து பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள், கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி வந்துகொண்டே இருந்தன.

"கண்ணா, இந்த ரேம் பட்டையை நீ தொட்டாயா?"

பையன் தலையைச் சொறிந்தான். "விசிறியோட கால் எட்டலை பெரியம்மா. ஒண்ணை மட்டும் கழற்றிட்டு, அப்புறமா மாட்டினேன்."

பட்டை குழியில் உட்கார்ந்திருந்தது. ஆனால் ஒரு பக்கத்துக் கொக்கி முழுசாக மூடியிருக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அசையாமல் இருந்ததை அசைத்ததில் முனைகளில் அழுக்கு வேறு. பள்ளிக்கூடத்து வெள்ளை ரப்பரால் பொன் நிறமான முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதி, இரண்டு கொக்கியும் 'டக்' 'டக்' என்று மூடும் வரை அழுத்தி வைத்தோம். முதலில் ஒரு பட்டையை மட்டும் வைத்துப் பரீட்சை, பிறகு மற்றொன்று, பிறகு இரண்டும் சேர்த்து. ஒரு பட்டை மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றிருந்தால் அதை மாற்றியிருக்க வேண்டும்; அது பெரிய செலவில்லை. நல்ல வேளை, இரண்டும் தேறின. ஒரு பகலும் ஓர் இரவும் அதற்குப் போயிற்று. அந்த நேரத்தில் தங்கை என் மடிக் கம்ப்யூட்டரில், பழக்கமில்லாத எழுத்துருவில் பல்லைக் கடித்துக்கொண்டு பிழை திருத்தினாள்.

பழைய பிராஸஸரை ஏன் உடனே திருப்பி மாட்ட விடவில்லை என்று பையன் பிறகு கேட்டான். நியாயமான கேள்வி. பழையதை மாட்டியும் கம்ப்யூட்டர் அணைந்தால் புதியதின் மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிடும். அதைவிடத் தீர்மானமான பரீட்சை இல்லை. ஆனால் இந்த வகைப் போர்டில் 1155 மெல்லிய ஊசிகள் இருப்பது பிராஸஸரில் அல்ல, போர்டின் குழியில். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் கை கொஞ்சம் நழுவினால், ஓர் ஊசி வளைந்தால், அப்போது கடைக்காரர் வாக்கு நிஜமாகவே பலித்துவிடும். ஆகையால் அதை நான் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். செலவில்லாததை முதலில், ஊசிக்குழியைக் கடைசியில்.

தங்கை வீட்டில் மின்சாரப் பெட்டிக்கு வேலை வரவில்லை. என் வீட்டில் வந்தது. எஸ்.எம்.பி.எஸ். என்பார்களே, அது. அதன் அடையாளம் வேறு. உஷ்ணம் சாதாரணமாக இருக்கும். சும்மா நிற்கும்போது நாள் முழுவதும் ஓடும். கனமான வேலை ஒன்றை ஆரம்பித்த அந்த நிமிஷமே அணையும் அல்லது மறுபடி கிளம்பும். எழுத்து தாமதமாக விழுவதெல்லாம் இராது. புது மூளை கேட்கும் மின்சாரத்தைப் பழைய பெட்டியால் கொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். தெரிந்தவர்களிடம் நல்ல பெட்டி ஒன்றை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தால் போதும். போர்டில் சின்ன உருளைகள் போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் அந்தப் போர்டுக்கு வயசாகிவிட்டது. மின்சாரப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், பிள்ளைகளையும் திறக்க விடாதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் ரிச்சி தெருவுக்குக் கிளம்புவதாக இருந்தால் இரண்டு வார்த்தை. குழி பொருந்தினால் மட்டும் போதாது. உங்கள் போர்டுக்கு அந்தப் பிராஸஸரைத் தெரியுமா என்று போர்டுக் கம்பெனியின் பட்டியலில் பாருங்கள். இதே 1155 குழியில் உட்காரும் 2012-ம் வருஷத்துப் பிராஸஸர்களை, அதற்கு முந்திய வருஷத்துப் போர்டுகள் பல, பயாஸைப் புதுப்பித்தால் ஒழியக் கண்டுகொள்வதில்லை. திரை இருட்டாகவே நிற்கும். இரண்டாவது, விண்டோஸ் 10-க்குக் கம்பெனியின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராஸஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே பாங்கிக் கணக்கு, பணப் பட்டுவாடா எல்லாம் செய்யும் பெட்டியாக இருந்தால் நான் இதில் மூவாயிரம் போடமாட்டேன். தங்கையின் பெட்டிக்கு இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். அதற்குத் தெரிந்ததெல்லாம் பேஜ்மேக்கரும் பிரிண்டரும்தான், அதுவே போதும்.

கட்டுரை கெடு நாளுக்கு முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு அச்சாகி முடிந்தது. அந்தப் பெண் காலையில் வந்து வாங்கிக்கொண்டு, தங்கைக்கு ஒரு நமஸ்காரமும் பையனுக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் புறப்படும்போது பார்த்தேன், மேஜைக்கு அடியிலிருந்த அந்த மரக் கதவை அவரே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிக்கொண்டிருந்தார், பையன் பிடித்துக்கொண்டிருந்தான். பழைய ஐ3 அதன் பிளாஸ்டிக் டப்பாவோடு தங்கையின் தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. மயில் போட்ட உறையை மிக்ஸிக்கு மாட்டியிருக்கிறாள்; ஓடாத நேரத்தில் மட்டும்.